ஐந்தாவது குடும்பம்

சேவைச் சங்கத்துக்காரர்கள் ஒரு காரியம் செய்தால் அதில் ஒரு குறை இருக்காது. உபயோகமும் இருக்காது. ஆறு மாதத்துக்கு முன்னால் வீடில்லாதவர்கள் விடுதிக்கு வந்து, அங்கிருந்த பதினெட்டுக் குடும்பங்களுக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வட்டமாக, நடுவில் சங்க முத்திரையோடு, நல்ல கடிகாரம்தான். மாட்டச் சுவர்தான் இல்லை. அந்த விடுதி ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் கூடம். குறுக்கே கம்பி கட்டி, துணித்திரை தொங்கவிட்டு, திரைக்கு ஒரு நம்பர் போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குடும்பத்தை அடைத்து வைத்திருந்தார்கள். துணியில் ஆணி அடிக்க முடியுமா? பதினெட்டுக் கடிகாரமும் கட்டிலுக்கு அடியில் கிடந்து டிக் டிக்கென்று எல்லார் உயிரையும் வாங்கின. கடைசியில் வார்டன் அக்கா பாட்டரிகளை உருவி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மூட்டை கட்டி ஸ்டோர் ரூமில் போட்டார்.

கடிகாரத்துக்கு அடுத்த மாதம் குடை. அதற்கடுத்து, பல் டாக்டராக இருந்த சங்கச் செயலாளரின் புண்ணியத்தில், ஆளுக்கு மூன்று டூத் பிரஷ். ஒவ்வொரு தடவையும் போட்டோ. குடையை விரித்துப் பிடி, பிரஷைத் தூக்கிப் பிடி, சிரி. பல் தெரியச் சிரி, பிரஷ் கொடுத்திருக்கிறோமே.

பதினாலாம் திரைக்குள் இருந்தவள் இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்தாள். அவள் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். விடுதியில் எல்லாருக்கும் அவள் இஸ்திரிதான். புருஷன் பெயிண்டர். ஏழு வயதில் ஒரே மகள், பெயருக்கேற்ற வால் இல்லாத குறைதான், வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். வாடகைக்கு இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறோம், பத்து நாளில் காலி பண்ணு என்றார்கள். பத்து நாளில் வேறு வீடு கிடைக்க இவர்கள் என்ன மந்திரமா கற்றிருந்தார்கள்? மூட்டை முடிச்சோடு விடுதிக்கு வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது.

சங்கத்துக்காரர்களை இஸ்திரிக்கு உள்ளும் புறமும் தெரியும். சும்மா சொல்லவில்லை. அவர்களுடைய கருநீலக் கோட்டுகள் மாதத்துக்கு ஒருமுறை அவளுடைய பலகைக்குத்தான் வரும். முதலில் உள்துணி, பிறகு கை, பிறகு முதுகு. கடைசியில் மார்பில் தைத்த முத்திரை. அதன்மேல் ஈரத்துணி போட்டு ஒத்தித்தான் எடுக்க வேண்டும், பெட்டியை நேராக வைத்தால் தங்க நூல் கறுத்துப்போகும். தலைவருடைய கோட்டில் எந்தப் பையில் கை விட்டாலும் பல்குத்தும் குச்சி வரும். சாப்பிடாமல் இவர்கள் ஒரு கூட்டமும் நடத்துவதில்லை என்பது அவளுக்கு அப்படித்தான் தெரியும். தலைவருக்குக் கட்டில், சோபா விற்கிற பெரிய கடை. கடையில் நாற்பது கட்டில் யாரும் படுக்காமல் கிடக்கும். விடுதிக்கு அவர் கொண்டுவந்தது கடிகாரம்.

அவளுக்கு அங்கே இருந்த ஒரே ஆறுதல் பக்கத்துத் திரை. பதினைந்தாம் திரையில் டிப்போ அக்கா இருந்தாள். பஸ் டிப்போவில் விடியற்காலையில் வண்டி கழுவுகிற வேலை. மூன்று பிள்ளைகள், புருஷன் போன இடம் தெரியாது. கடைசிப் பிள்ளைக்கு இழுப்பு. கூடத்துத் தூசியில் அது மூச்சுக்குத் திணறும்போது, இஸ்திரி திரையை விலக்கிக்கொண்டு போய்க் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து உட்கார்ந்திருப்பாள். இஸ்திரி வேலைக்குப் போன நேரத்தில் வாலுவைப் பார்த்துக்கொண்டது டிப்போ அக்கா. இரண்டு பேரும் சேர்ந்து சங்கத்துக்காரர்களைப் பேசிச் சிரிப்பதுதான் கூடத்தில் செலவில்லாத பொழுதுபோக்கு. டிப்போ அக்கா தலைவர் மாதிரியே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டுவாள். வார்டன் அக்காவே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

ஒரு புதன்கிழமை குடியிருப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இஸ்திரி குடும்பத்துக்கு மூன்றாம் மாடியில் இரண்டு அறை ஒதுக்கியாகிவிட்டது. சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் கணவன் மனைவி இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும். வராவிட்டால் அறை பட்டியலில் அடுத்து உள்ளவர்களுக்குப் போய்விடும். இஸ்திரி அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தாள். ஐந்தாவது தடவை டிப்போ அக்கா பிடுங்கிப் படித்துவிட்டு, "கதவு இருக்குமாடி?" என்று கேட்டாள். "இருக்கும்க்கா, தாழ்ப்பாளோட." இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதே இஸ்திரிக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கேதான் சங்கம் மூக்கை நுழைத்தது. அதே சனிக்கிழமை அதே பத்து மணிக்குச் சங்கத்தின் ஆண்டு விழா. மேலே இருந்து மண்டலத் தலைவர் வருகிறார். இந்த வருஷம் எந்தச் சங்கம் அதிகச் சேவை செய்தது என்று பார்த்துக் கேடயம் கொடுக்கப்போகிறார். "வீடற்ற ஐந்து குடும்பங்களுக்கு ஆதரவு" என்று பேனர் அடித்தாகிவிட்டது. ஐந்தாவது குடும்பம் இஸ்திரி குடும்பம். நாலாவது டிப்போ அக்கா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைவரே விடுதிக்கு வந்துவிட்டார். கூடவே பல் டாக்டர்.

"கேள்விப்பட்டேம்மா. ரொம்ப சந்தோஷம்" என்றார் தலைவர். சந்தோஷம் முகத்தில் தெரியவில்லை. "ஆனா ஒரு சின்ன சிக்கல். நாளைக்கு நீங்க சாவி வாங்கிட்டீங்கன்னா அப்புறம் வீடில்லாத குடும்பம்னு எப்படிச் சொல்றது? மண்டலத் தலைவர் கேட்டா நாங்க பொய் சொன்ன மாதிரி ஆகிடாதா?"

வீடு கிடைத்ததை ஒரு மனுஷன் சிக்கல் என்று சொன்னதை இஸ்திரி அன்றைக்குத்தான் கேட்டாள்.

"நாளைக்கு விட்டா கெடைக்காது சார். லெட்டர்ல போட்டிருக்கு."

"லெட்டர்ல ஆயிரம் போடுவாங்கம்மா. அந்த ஆபீசர் நமக்கு வேண்டியவர். நான் ஒரு போன் போட்டா போதும். நீங்க விழாவுக்கு வாங்க. பதினொண்ணுக்கு முடிஞ்சிடும். என் வண்டியிலயே கொண்டுபோய் விடறேன். சரிதானே?"

"பேனர்ல நாலுன்னு மாத்திக்கலாமே சார்."

பல் டாக்டர் அவளை, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அறிக்கை மேல போயாச்சு. அஞ்சுன்னா அஞ்சுதான்."

அவர்கள் போனதும் பெயிண்டர் ஆரம்பித்தான். பெரிய மனுஷங்களைக் கண்டால் அவனுக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும். "அவரே போன் பண்றேங்கறாரு. வண்டியில வேற கொண்டுவிடறாராம். இதுக்கு மேல என்ன வேணும்?" வார்டன் அக்காவும் வந்து நின்றார். குளிருக்குப் போர்வை அவர்களிடம்தான் கேட்டிருக்கிறது, நீ வராவிட்டால் என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள் என்று கையைப் பிடித்தார். இஸ்திரிக்கு மனசே இல்லை. ஆனாலும் பதினெட்டுக் குடும்பத்தின் போர்வை என் ஒருத்தியால் போக வேண்டுமா என்று நினைத்தாள். பதினொன்று வரைக்கும் இருப்பது, ஒரு நிமிஷம் அதிகம் இருப்பதில்லை என்று புருஷனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

விழா மண்டபத்தின் வாசலிலேயே ஒருவர் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். மேடை ஏறுகிறவர்களின் போனெல்லாம் அந்தத் தட்டில். போன வருஷம் மண்டலத் தலைவர் பேசும்போது யாருடைய போனோ அடித்துவிட்டதாம், அந்த அவமானத்தை இன்னும் மறக்கவில்லையாம். வார்டன் அக்கா விடுதியின் கைபேசியைக்கூடப் போட வேண்டியதாயிற்று. குடும்பங்களை மேடையின் இடது பக்கம் வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மடியில் ஓர் அட்டை கொடுத்தார்கள். "குடும்பம் 4" டிப்போ அக்காவின் மடியில். "குடும்பம் 5" வாலுவின் கையில். பிள்ளைகளுக்கு மண்டலத் தலைவரை வரவேற்கக் காகிதக் கொடி.

பத்து மணிக்கு வர வேண்டிய மண்டலத் தலைவர் பத்தே முக்காலுக்கு வந்தார். வந்ததும் ஆரம்பித்தார்களா? அதுதான் இல்லை. சங்கத்தில் ஒரு வழக்கம். யாரும் நேராக எழுந்து பேசிவிட முடியாது. பேசுகிறவரை ஒருத்தர் அறிமுகப்படுத்த வேண்டும். அறிமுகப்படுத்துகிறவர் யார் என்று சபைக்குத் தெரிய வேண்டாமா? அவரை இன்னொருத்தர் அறிமுகப்படுத்துவார். அந்த இன்னொருத்தரை மேடைக்கு அழைக்கத் தலைவர் மணி அடிப்பார். வருஷம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், ஒருத்தரை ஒருத்தர் இன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் அறிமுகம் செய்துகொண்டே இருந்தார்கள். பதினொன்றே கால் ஆனது. மண்டலத் தலைவர் இன்னும் மைக் பக்கமே வரவில்லை.

இஸ்திரி எட்டித் தலைவரைப் பார்த்தாள். அவர் வேண்டுமென்றே இந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கோட்டை முந்தாநாள் அவள்தான் தேய்த்தாள். முத்திரையைக் கருக்கிவிட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

"அக்கா, நான் கெளம்பறேன்" என்றாள் டிப்போ அக்காவின் காதில். "இவனுங்க இன்னிக்கு முடிக்க மாட்டானுங்க."

"போடி, ஓடு. இன்னும் ஏன் உக்காந்திருக்க?"

"வாலு முன்வரிசையில கொடியோட நிக்கறா. இப்பக் கூப்பிட்டா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"அவள நான் பாத்துக்கறேன். கேட்டா ஏதாவது சொல்லிச் சமாளிக்கறேன். நீ பின்பக்கமா போ."

அவள் பெயிண்டரை முழங்கையால் ஒரு இடி இடித்தாள். இரண்டு பேரும் மேடைத் திரைக்குப் பின்னால் நழுவி, பாத்திரங்கள் அடுக்கியிருந்த சமையலறை வழியாகத் தெருவுக்கு வந்தார்கள். போனைக் கேட்டு வாங்க நின்றால் பிடித்துக்கொள்வார்கள். போன் போனால் போகிறது என்று ஓடினாள். பத்து நிமிஷ ஓட்டம். அலுவலகத்துப் படியேறும்போது மணி பதினொன்றரை. நல்லவேளை என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கிளார்க். அவர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார், பேரேட்டைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது மாத்தியாச்சேம்மா" என்றார்.

"என்ன சார் மாத்தியாச்சு?"

"நேத்து சாயங்காலம் உங்க சங்கத் தலைவர் ஆபீசருக்குப் போன் பண்ணாரு. அந்தக் குடும்பத்த நாங்க பாத்துக்கறோம், அவங்களுக்கு இப்ப ஒண்ணும் அவசரம் இல்ல, மெதுவா வருவாங்கன்னு சொன்னாராம். அவசரம் இல்லேன்னா அடுத்தவங்களுக்குத்தான் போகும். அதான் சட்டம். ஆபீசர் அப்பவே எழுதிட்டாரு."

இஸ்திரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உதவி செய்தே ஒருத்தியைத் தெருவில் நிறுத்த முடியும் என்று அந்த மனுஷன் நிரூபித்துவிட்டார். கடிகாரத்தோடு நிறுத்தியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள்.

"நாங்க அவசரம் இல்லேன்னு சொல்லலியே சார். இதோ வந்து நிக்கறோமே."

கிளார்க் கெட்டவர் இல்லை. பேரேட்டை மறுபடி பார்த்தார். "உங்க பேர அடிக்கல, அடுத்த எடத்துல வெச்சிருக்கு. இப்ப யாருக்குப் போயிருக்கோ அவங்களுக்கும் பன்னெண்டு வரைக்கும்தான் நேரம். அவங்க வரலேன்னா உங்களுக்கே குடுத்துடலாம். மத்தியானத்துக்கு மேல மிச்சச் சாவியெல்லாம் தலைமை ஆபீசுக்குப் போயிடும்." பிறகு அவராகவே சொன்னார். "பாவம், அவங்களுக்குத் தகவலே போகல போலிருக்கு. காலையிலேர்ந்து விடுதி நம்பருக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன், யாரும் எடுக்கல. உங்க விடுதிதான். பதினஞ்சாம் திரைன்னு போட்டிருக்கு. மூணு பிள்ளைங்க. எங்க இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

பதினொன்று முப்பத்தைந்து. மண்டபம் பத்து நிமிஷ ஓட்டம். போக வரக் கணக்குப் போட்டால் கச்சிதமாக இருக்கும். இஸ்திரி அந்தக் கணக்கைப் போட்டாள். போடவில்லை என்று அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

பெயிண்டர் வாயைத் திறந்தான். "அவங்க வந்து..."

அவள் அவன் காலை மிதித்தாள். நன்றாக, செருப்போடு.

"தெரியாது சார்" என்றாள்.

கிளார்க் தலையை ஆட்டிவிட்டு மறுபடி விடுதிக்குப் போன் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. அது எங்கே அடிக்கிறது என்று ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு தட்டில், வேறு இருபது போன்களுக்கு நடுவில்.

சுவரோரம் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தார்கள். பெயிண்டர் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "நான் வேணா ஒரு ஓட்டம் ஓடிப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"சாவிக்கு உங்க கையெழுத்தும் வேணும்."

"அந்தப் பிள்ளைக்கு இழுப்பு."

"தெரியும். நான்தான் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க தூங்கிக்கிட்டிருந்தீங்க."

அதற்குமேல் அவன் பேசமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். யாராவது அவளை இழுத்துக்கொண்டு போய் அந்த மண்டபத்தில் நிறுத்தினால் தேவலை என்றிருந்தது. யாரும் வரவில்லை. ஒருமுறை படியில் காலடி கேட்டபோது அவளுக்கு உயிரே போய்விட்டது. வந்தது தண்ணீர்க் கேன் கொண்டுவந்த ஆள். அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட பிறகுதான் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. எழுந்திருக்கும் அளவுக்கு வரவில்லை.

பன்னிரண்டு அடித்ததும் கிளார்க் பதினைந்தாம் திரைக்கு நேராக "வரவில்லை" என்று எழுதினார். பெயிண்டரின் கையெழுத்து கோணிப்போயிற்று. இஸ்திரி அழகாகப் போட்டாள். சாவி இரண்டு, ஒரு வளையத்தில்.

மணி ஒன்றுக்கு அவர்கள் விடுதிக்குத் திரும்பியபோது எல்லாரும் வந்துவிட்டிருந்தார்கள். வாலு பதினைந்தாம் திரைக்குள் டிப்போ அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவர்களுடைய போன்கள் இரண்டையும் டிப்போ அக்கா தட்டிலிருந்து மறக்காமல் எடுத்து வைத்திருந்தாள். சாவியைப் பார்த்ததும் அவள் ஓடிவந்து இஸ்திரியைக் கட்டிக்கொண்டாள்.

"வாங்கிட்டியா? வாங்கிட்டியாடி? இங்க நடந்த கூத்தக் கேளு. நீ போன கொஞ்ச நேரத்துல அந்தத் தலைவர் வந்து, அஞ்சாவது எங்க, அஞ்சாவது எங்கன்னு குதிக்கறான். சரி, எனக்கும் ஒடம்பு முடியல, சின்னதுக்கு அந்த ஹால்ல மூச்சு இழுக்குது, நானும் கெளம்பலாம்னுதான் இருந்தேன். நானும் போயிட்டா உன்னத் தேடுவானுங்க, ஆபீசுக்கே ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்துடுவானுங்கன்னு பயம். அதான் என் பெரியவனயும் உன் பொண்ணயும் உன் நாற்காலியில உக்கார வெச்சு, இதான் சார் அஞ்சாவது குடும்பம், அப்பா அம்மா வேலைக்குப் போயிருக்காங்கன்னுட்டேன். மண்டலத் தலைவரு கண்ணத் தொடச்சிக்கிறாரு. கேடயம் அவனுங்களுக்குத்தான். பன்னெண்டரை வரைக்கும் அசையாம உக்காந்திருந்தேன், உனக்காக."

அவள் தலைவர் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு கேடயம் வாங்கிக் காட்டினாள். கூடமே சிரித்தது. வார்டன் அக்காவும் சிரித்தார். "நடுவுல விடுதி போன் வேற தட்டுல கெடந்து அடிச்சுது, அடிச்சுது, அப்படி அடிச்சுது. எடுக்க விடல. யாருக்கு என்ன அவசரமோ" என்றார்.

இஸ்திரி சங்கத்தின்மேல் கோபப்படப் பார்த்தாள். ஏழு மாதமாகக் கைவசம் இருந்த கோபம், தேடினால் கிடைக்கவில்லை.

டிப்போ அக்கா சாவியை வாங்கித் தன் கடைசிப் பிள்ளையின் கையில் வைத்து மூடினாள். "நல்லாப் புடிச்சிக்க. இதப் பாத்து நமக்கும் ஒண்ணு வரட்டும்." பிறகு இஸ்திரியிடம் திரும்பினாள். "அங்க போனியே, லிஸ்ட்ல எங்க பேரு எங்க இருக்குன்னு கேட்டியாடி?"

"மறந்துட்டேன்க்கா" என்றாள் இஸ்திரி.

"போகுது, உனக்கிருந்த பதட்டத்துல அதெல்லாம் எங்க தோணும்" என்றாள் டிப்போ அக்கா. பதினாலாம் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், அவர்களுடைய துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.